சேனை வைத்தவர்

அந்தக் குழந்தையின் ரத்தம் சண்டை போட மறுத்தது.

பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, ஈரல் வீங்கிவிட்டது, ரத்தத்தில் வைரஸ் மணிக்கு மணி பெருகுகிறது. வெள்ளையணுக்களோ கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி அந்த வைரஸின் பக்கத்திலேயே சாவகாசமாக நின்றுகொண்டிருந்தன. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதே கதைதான்.

இருபது வருஷமாக வெள்ளையணுக்களோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். பேர் ஜெபராணி, செங்குளம் முதல் துளி மையத்தில் எதிர்ப்பாற்றல் மருத்துவர். அவை அவசரப்பட்டுச் சண்டை போட்டுத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சொந்த மூட்டுகளையே எதிரி என்று நினைத்து அரித்துத் தின்னும். ஒரு கடலைப் பருப்பைக் கண்டு மிரண்டு ஆளின் மூச்சையே அடைக்கும். ஆனால் எதிரியைப் பார்த்துவிட்டு இப்படிச் சும்மா நின்றால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. அவை அதை எதிரி என்றே நினைக்கவில்லை. யாரோ அவற்றுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயம் வந்தாலும் எனக்கு முதலில் கோபமாகத்தான் வரும்.

குடும்பத்தைக் கூப்பிடச் சொன்னேன். மூன்று பேர் வந்தார்கள். தாய் சுபிக்‌ஷா, சின்னப் பெண், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் கணவன் கவிராஜ். அவனுடைய பெரியப்பா சங்கரபாண்டியன், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, முதுகு வளையாத கிழவர். அப்பா இல்லாத கவிராஜை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அவர் உட்காரும்வரை மற்ற இருவரும் உட்காரவில்லை.

"பாப்பாவுக்கு முதல் துளி குடுத்தாச்சே டாக்டர். பெறகு எப்படிக் காய்ச்சல் வரும்?" என்றான் கவிராஜ்.

"முதல் துளி காய்ச்சல் மருந்து இல்லப்பா. நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு சின்னதா ஒரு உறுப்பு இருக்கு. வெள்ளையணுவுக்கு அதுதான் பள்ளிக்கூடம். எவன் நம்ம ஆளு, எவன் வேத்தாளுன்னு அங்கதான் பாடம் நடக்கும். முதல் துளி அந்தப் பள்ளிக்கூடத்துக் கதவ ஒரு மணி நேரம் தொறந்து வைக்கும். அந்த நேரத்துல பிள்ளை நாக்குல எது பட்டாலும் அது நம்ம ஆளு. துளியில கடலை, முட்டை, இறால், பசும்பால், மகரந்தம் எல்லாத்தோட சாரமும் இருக்கு. அதனாலதான் இப்ப பிறக்கிற பிள்ளைகளுக்கு ஒவ்வாமை கிடையாது, இளைப்பு கிடையாது."

"அது தெரியும் டாக்டர்."

"தெரியுதுல்ல? கதவு தொறந்திருக்கப்ப வேற எவனும் உள்ள நுழைஞ்சிரக் கூடாதுன்னுதான் பிள்ளை உதட்டுல ஒரு உறை ஒட்டுறோம். பெத்தவளே ஒரு மணி நேரத்துக்கு முத்தம் குடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கு. உங்க பிள்ளைக்கு அந்த உறைய எடுத்துட்டு எவரோ எச்சில வச்சிருக்காங்க. பெரியவங்க முக்காவாசிப் பேர் எச்சில்ல ஒரு வைரஸ் தூங்கிட்டிருக்கும். அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது, உடம்பு அதை அடக்கி வச்சிருக்கும். உங்க பிள்ளை உடம்பு அதை அடக்காது. அதுக்கு அவன் சொந்தக்காரன். வீட்டுக்குள்ள விட்டுட்டு வேடிக்கை பாக்குது."

சுபிக்‌ஷா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

எங்கள் பக்கத்தில் சேனை வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பார்கள். யார் தொட்டு வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வந்துவிடும் என்று நம்பிக்கை. அதனால் குடும்பத்தில் நல்ல பேர் எடுத்தவரைத் தேடிப் பிடித்து வைக்கச் சொல்வார்கள். ஒரு பிள்ளை அடம்பிடித்தால், "எவன்டா இவனுக்குச் சேனை வச்சது?" என்று கேட்காத தெரு கிடையாது. சட்டம் வந்த பிறகு சேனை ஒழிந்துவிட்டதாகச் சென்னையில் அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கையைச் செங்குளத்தில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

"யாரு சேனை வச்சது?" என்றேன்.

கவிராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"வச்சவருக்கு அஞ்சு வருஷம் ஜெயில்னு தெரியும். அதனாலதான் வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்க. ஆனா அந்த ஆள் யாருன்னு தெரியலன்னா நாளைக்குப் பொழுது சாயிறப்ப பிள்ளை இருக்காது."

சுபிக்‌ஷா நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கிழவரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"பெரிய மாமா."

சங்கரபாண்டியனின் கண்கள் ஒரு கணம் விரிந்தன. அகப்பட்டுக்கொண்ட திருட்டு முழி என்று நான் நினைத்தேன். எனக்கு ஆட்களைப் படிக்கத் தெரியும் என்று ஒரு நினைப்பு. அவர் அந்தப் பெண்ணை ஏறிட்டுப் பார்த்தார். அவள் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா. நாந்தான் வச்சேன்" என்றார்.

என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். வயசாகியும் புத்தியில்லையா என்றேன். ஊருக்கெல்லாம் பஞ்சாயத்து சொல்கிற மனுஷனுக்கு ஒரு மணி நேரம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா என்றேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "பிள்ளையக் காப்பாத்த வழி இருக்கா, அதச் சொல்லுங்கம்மா" என்றார்.

"நீங்கதான் வழி. வைரஸ உள்ள விட்ட அதே கதவு உங்களையும் உள்ள விட்டிருக்கு. உங்க வெள்ளையணுவ அந்தப் பிள்ளை உடம்பு விரட்டாது. வேற யாரோடதக் குடுத்தாலும், பெத்த தகப்பனோடதக் குடுத்தாலும், விரட்டிரும். தாயோடத ஏத்தியும் பிரயோசனமில்ல, அவளுக்கு அந்த வைரஸே வந்ததில்ல. உங்க உடம்புல அதோட சண்டை போட்டுப் பழகின நினைவணுக்கள் இருக்கும். அதப் பிரிச்சு, பிள்ளையத் தாக்காம வடிகட்டி, பிள்ளைக்கு ஏத்தணும்."

"எம்புட்டு வேணுமோ எடுத்துக்கோங்க" என்று சட்டைக் கையை மடக்கினார்.

மாதிரி எடுத்து அனுப்பிவிட்டு, காவல் நிலையத்துக்கு நானே போன் செய்தேன். முதல் மணிச் சட்டம் மீறப்பட்டால் மருத்துவர் உடனே சொல்ல வேண்டும். வேறு சிலர் சிகிச்சை முடியட்டும் என்று ஆறப்போடுவார்கள். சட்டம் வருவதற்கு முன் இதே மாதிரிச் செத்த பிள்ளைகளை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். அதனால் நான் ஆறப்போடவில்லை.

போன் பேசிவிட்டுப் பின்பக்க முற்றத்துக்கு வந்தேன். முதல் துளி கொண்டுவரும் ஐஸ் வேன் நின்றுகொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் பேச்சி பெட்டியை இறக்கிவிட்டுக் கிளம்பாமல் கதவில் சாய்ந்து நின்றாள். காக்கிச் சட்டை, முழங்கைவரை மடக்கிய கை, யாரையும் நேராகப் பார்க்கிற கண். எங்கள் மையத்தில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். ஒருமுறை பெரிய புள்ளி ஒருத்தரின் ஆட்கள் வேனை மறித்து, வரிசையை மீறி ஒரு துளி கொடு என்று மிரட்டியபோது, சாவியைக் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

"டாக்டரம்மா, கண்ணாடி ரூம்ல ஒரு பச்சப்பிள்ளைக்கு முடியலன்னாகளே. எப்படி இருக்கு?"

"வேலையப் பாரு பேச்சி. இருக்கிற எரிச்சல்ல நீ வேற."

அவள் வாயை மூடிக்கொண்டாள். பேச்சி ஒரு சொல்லுக்கு வாயை மூடி நான் பார்த்ததில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சோதனை எளிமையானது. பிள்ளையின் வெள்ளையணுவையும் கிழவரின் வெள்ளையணுவையும் ஒரே தட்டில் விட வேண்டும். சொந்தம் என்றால் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு பேசாமல் போகும். வேற்றாள் என்றால் ரகளை. உச்சிவேளைக்கு முடிவு வந்தது. பிள்ளையின் அணுக்கள் கிழவரின் அணுக்கள்மேல் விழுந்து பிராண்டிக்கொண்டிருந்தன. வைரஸைக் கண்டு கொட்டாவி விட்ட அதே அணுக்கள்.

பாதி நாள் போய்விட்டது. மருந்தால் இழுத்துப் பிடித்திருந்த வைரஸ் எண்ணிக்கை மறுபடி ஏற ஆரம்பித்திருந்தது.

கண்ணாடி அறைக்குப் போனேன். சுபிக்‌ஷா மட்டும் தொட்டில் பக்கத்தில் நின்றாள். கையுறை போட்ட விரலால் பிள்ளையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

"உங்க பெரிய மாமா இந்தப் பிள்ளை நாக்கத் தொட்டதே இல்ல."

அவள் விரல் நின்றது.

"வாய் என்ன வேணா சொல்லும். ரத்தம் பொய் சொல்லாது. அவரக் கண்டா பிள்ளையோட அணு கடிச்சுக் கொதறுது. சொல்லு, யாரு?"

"டாக்டர்..." என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க. சொல்றேன்."

"என்கிட்ட பேரம் பேசுறியா? பிள்ளை செத்துக்கிட்டிருக்கு."

இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு தாய் இதற்கு யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, தன் உயிருக்காக என்றால் அவள் யோசித்திருக்கவே மாட்டாள் என்று.

"எங்க மதினி. எங்க வீட்டுக்காரவுகளோட அக்கா. அவுகளுக்கும் பெரிய மாமாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எங்க மாமனார் செத்த பெறகு, பொம்பளப் பிள்ளைக்கும் நெலத்துல பங்கு உண்டுன்னு பெரிய மாமா மேல கேஸ் போட்டு ஜெயிச்சாக. அன்னைல இருந்து வீட்டு வாசப்படிய மிதிக்க விடல. என் கல்யாணத்துக்கு வந்தாக. மண்டபத்துக்குள்ள விடல டாக்டர். அவுக சத்தம் போடல, அழல. வாசல்லயே நின்னு எங்க பக்கமா அட்சதையப் போட்டுட்டு நிமிந்து நடந்து போனாக. நான் மணவறையில உக்காந்து அதப் பாத்துட்டே இருந்தேன்."

"துளி குடுத்த அறைக்குள்ள அவங்க எப்படி வந்தாங்க?"

"நர்ஸம்மா துளியக் குடுத்துட்டு, உறைய ஒட்டிட்டு, அடுத்த பிள்ளைக்குப் போயிட்டாக. காலிப் பொட்டிய எடுக்க மதினி வந்தாக."

"பேச்சியா? எங்க பேச்சியா?"

"மாட்டேன்னுதான் சொன்னாக. சட்டம் அவுகளுக்குத் தெரியாதா? நாந்தான் கையப் புடிச்சுக் கெஞ்சினேன். நான் எம்.எஸ்சி படிச்சவ டாக்டர். வேலைக்குப் போறேன்னு எங்க வீட்டுல கேக்கக்கூட எனக்குத் தைரியம் வந்ததில்ல. என் பொண்ணும் என்னைய மாதிரி வாயில்லாப் பூச்சியா ஆயிரக் கூடாது, நீங்க தொட்டு வைங்க மதினின்னேன். உறைய நாந்தான் பிரிச்சேன். எம்மேல கேஸ் போடுங்க."

"பெத்தவளுக்குச் சட்டத்துல மன்னிப்பு உண்டு. வச்சவங்களுக்குத்தான் இல்ல. அதுலயும் மையத்து ஆளுன்னா அஞ்சு வருஷம் பத்தாகும்."

"தெரியும். அதான் பெரிய மாமா பேரச் சொன்னேன். அவுக சொன்னா போலீசுகூட மரியாதை குடுத்து விட்டுருவாகன்னு நெனச்சேன். வச்ச ஆளோட ரத்தம்தான் வேணும்னு நீங்க சொன்னப்ப, மாத்திச் சொல்லத் தைரியம் வரல."

நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். என் வயசுக்கும் உடம்புக்கும் ஓட்டம் எல்லாம் ஆகாது. ஆனாலும் ஓடினேன்.

வேன் அங்கேயே நின்றது. பேச்சி ஓட்டுநர் இருக்கையில் வெயில் முகத்தில் அடிக்க உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கினாள்.

"என்னால தான டாக்டரம்மா?"

"ஆமா."

அவள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். "காய்ச்சல்னுதான் காதுல விழுந்துச்சு. காலையில கேட்டேனே. வேலையப் பாருன்னு சொன்னீக."

அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். நடந்துகொண்டே கேட்டேன். "எல்லாம் தெரிஞ்ச நீ, எப்படி பேச்சி?"

"கையுறையக் கழத்திட்டு, கையக் கழுவிட்டுத்தான் தொட்டேன். சட்டைப்பையில கருப்பட்டித் துண்டு கெடந்துச்சு. நனைக்கத் தண்ணி இல்ல. வாயில ஒதுக்கி நனச்சு விரல்ல தொட்டேன். அந்த ஒரு நிமிசம் புத்தி வேலை செய்யல டாக்டரம்மா. நல்ல காரியத்துக்குன்னு என்னைய ஒருத்தர் கூப்புட்டு எம்புட்டு வருசமாச்சு தெரியுமா? அதுவும் எங்குணம் வேணும்னு ஒருத்தி கேக்கா. எங்குணத்தத்தான எல்லாரும் ஏசுவாக."

அவளுடைய ரத்தத்தைத் தட்டில் விட்டுவிட்டு நுண்ணோக்கியை விட்டு நான் நகரவே இல்லை. பிள்ளையின் அணுக்கள் பேச்சியின் அணுக்களை நெருங்கின. தொட்டன. அப்படியே விலகிப் போயின. பேச்சியின் அணுக்களோ வைரஸைக் கண்டதும் பாய்ந்து பிடித்தன. இருபது வருஷத் தொழிலில் ஒரு தட்டைப் பார்த்து நான் அழுதது அன்றுதான்.

இயந்திரத்தில் பேச்சியைப் படுக்க வைத்தோம். ஒரு கை வழியாக ரத்தம் வெளியே வந்து, வேண்டிய அணுக்களைக் கொடுத்துவிட்டு, மறு கை வழியாக உள்ளே போகும். நேரம் பிடிக்கிற வேலை. அசையாமல் இருக்க லேசாகத் தூக்க மருந்து கொடுத்திருந்தேன். அவள் கண் சொருகியது.

நடைபாதையில் சங்கரபாண்டியன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கவிராஜ் மருந்து வாங்கப் போயிருந்தான். நான் அவர் எதிரே போய் நின்றேன். காலையில் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தவள், வந்த வேகத்தில் வேறு விதமாகக் கேட்டுவிட்டேன்.

"ஏன்யா பொய் சொன்னீங்க? பாதி நாள் போச்சு."

"அந்தப் பிள்ள என் பேரச் சொல்லிட்டு நடுங்கிட்டு நின்னா. இல்லன்னு சொன்னா அவ கதி என்ன? ஆள் தெரியலன்னா பிள்ளை பிழைக்காதுன்னு நீங்க சொன்னது மிரட்டத்தான், எச்சி பட்டதுக்கு ஒரு ஊசியப் போட்டுச் சரிபண்ணிருவீகன்னு நெனச்சேன். வச்ச ஆளோட ரத்தம்தான் வேணும்னு பெறகு நீங்க சொன்னப்ப பின்வாங்க வாய் வரல. என் தப்புதான்." சற்று நிறுத்தினார். "வச்சது பேச்சிதான?"

"எப்படித் தெரியும்?"

"உங்களோட அவ உள்ள போறதப் பாத்தேன். என்னையத் தாண்டித்தான் போனா. பாக்கல." தரையைப் பார்த்தார். "எனக்கு வருத்தம் இல்லன்னு சொல்ல மாட்டேன் டாக்டரம்மா. எங்க வீட்டுல பிறந்த அத்தனை பிள்ளைக்கும் நாந்தான் சேனை வச்சேன். கவிராஜுக்கு வச்சேன். பேச்சிக்கும் நாந்தான் வச்சேன். இந்தப் பிள்ளைக்கு யார் குணம் வேணும்னு இந்தப் பொண்ணு நெனச்சப்ப நான் ஞாபகத்துக்கு வரல பாருங்க."

அவர் தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"பேச்சி ரத்தம் போதுமா?"

"இன்னைக்கு ஒரு பை, நாளைக்கு ஒரு பை. ஆனா அதோட முடியாது. பிள்ளையோட தைமஸ் அந்த வைரஸ வேத்தாளுன்னு புதுசாக் கத்துக்கணும். அதுவரைக்கும் மாசாமாசம் ஏத்தணும். நாலஞ்சு வருஷம் ஆகும். ஒரு மாசம் தவறினாலும் பழையபடி தலைதூக்கிரும்."

"அவள உள்ள போட்டா, உள்ள இருந்து எடுக்க மாட்டீகளா?"

"கைதி உடம்புல இருந்து எதையும் எடுக்கக் கூடாதுன்னு சட்டம். ஜெயில்ல ஆட்கள மிரட்டிக் கிட்னி எடுத்த காலம் ஒண்ணு இருந்துச்சு. அதுக்காகப் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான்."

"எல்லாமே நல்ல சட்டமாத்தான் இருக்கு" என்றார்.

வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் காலையில் வீரமாகப் போன் செய்து வரவழைத்த ஜீப். அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"நான் காலையில சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்."

"ஐயா, சோதனையில நீங்க இல்லன்னு வந்திருக்கு. ரத்தம் பொய் சொல்லாது."

"ரத்தம் சொல்லாது. நீங்க சொல்லுங்க."

எனக்கு மறுபடி கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இந்தச் சட்டத்துக்காக மேடை மேடையாகப் பேசியவள் நான். சேனை வைத்தவரைத் தப்பவிடக் கூடாது, ஒருத்தரை விட்டால் ஊரே தொட்டு வைக்கும் என்று சொன்னவள் நான். இப்போதும் அது சரி என்றுதான் நினைக்கிறேன். அது சரி என்று நினைத்துக்கொண்டேதான் அங்கே நின்றேன்.

இன்ஸ்பெக்டர் இளம்பெண். மரியாதையாகப் பேசினாள். அவளுக்கும் போன வருஷம் இதே மையத்தில்தான் பிள்ளை பிறந்தது. கிழவர் தாமாகவே முன்னால் போய், "நாந்தாம்மா வச்சது" என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சோதனை பண்ணிட்டீங்களா டாக்டர்? இவர்தானா?"

உள்ளே ஒரு அறையில் பேச்சியின் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு அறையில் அந்தக் குழந்தை மூச்சுக்கு மூச்சு முனகிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"ஆமா. இவர்தான்."

"அணு குடுக்கறது யாரு?"

"பிள்ளையோட அத்தை."

அவள் அதற்குமேல் தோண்டாமல் தலையாட்டிவிட்டுக் கிழவரை முன்னே நடக்கவிட்டாள். ஜீப்பில் ஏறக் கை கொடுத்தாள். அவர் கையை மறுத்துவிட்டுத் தானே ஏறினார். மருந்துப் பையோடு ஓடிவந்த கவிராஜ், "பெரியப்பா, பெரியப்பா" என்று வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனான்.

மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. வைரஸ் எண்ணிக்கை பாதியாகியிருந்தது. காய்ச்சல் வந்த பிறகு குழந்தை முதல் தடவையாகப் பசிக்கு அழுதது. நல்ல உரத்த அழுகை. நடைபாதையில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். சுபிக்‌ஷா பால் கொடுக்க உட்கார்ந்தபோது நான் கண்ணாடிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேச்சியிடம் போனேன்.

இரண்டாவது பைக்காக அவளை இயந்திரத்தில் போட்டிருந்தார்கள். விழித்திருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"அழுத சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு டாக்டரம்மா. என்னா தொண்டை! அதுதான் எஞ்சேனை." சிரித்தாள். வேன் சாவியை மேசைமேல் எடுத்து வைத்திருந்தாள். "இந்தப் பை நெறஞ்சதும் நேரா ஸ்டேசனுக்குப் போறேன். சாவிய நீங்க ஆபீஸ்ல குடுத்திருங்க. என் வாயாலயே சொல்லிருதேன். சுபி பேரு வெளிய வராமப் பாத்துக்கிடுவேன். பத்து வருசம்னா பத்து வருசம். கேஸுக்கெல்லாம் பயந்தவளா நான்?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெரியப்பா எங்க? நேத்து நடையில உக்காந்திருந்தாரு. பிள்ளைய வந்து பாத்தாரா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாதாமாதம் ஏற்ற வேண்டும் என்பதை, கைதியிடமிருந்து எடுக்கக் கூடாது என்பதை, கிழவர் ஜீப்பில் ஏறியதை, நான் சொன்ன பொய்யை.

அவள் சடக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். ஊசியை ஒட்டியிருந்த பட்டையைப் பிய்க்க அவள் கை போனது. நான் அந்தக் கையை அழுத்திப் பிடித்தேன்.

"விடுங்க டாக்டரம்மா. என் தப்புக்கு அவரு எதுக்குப் போகணும்? கோர்ட்டுல அவருக்கு நேருக்கு நேரா நின்னு பேசினவ நான். எனக்குப் பதிலா இன்னொருத்தர் நிக்க நான் என்னைக்காவது கேட்டேனா? அதுவும் அவரா?"

"நீ போய்ச் சொன்னா அடுத்த மாசம் பிள்ளைக்கு ஏத்த ஒண்ணும் இருக்காது."

"பெறகு நான் எப்பதான் சொல்ல?"

"சொல்லவே கூடாது பேச்சி. பிள்ளை தேறுற வரைக்கும் நீ வாயத் தொறக்கவே கூடாது."

பேச்சியைப் பார்த்து இப்படிச் சொல்ல இதுவரை எவருக்கும் துணிச்சல் இருந்ததில்லை. அவள் என்னை அடித்துவிடுவாள் என்றே நினைத்தேன். அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கை என் பிடிக்குள் முறுக்கியது, பிறகு தளர்ந்தது. மெல்லப் படுத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"எம்புட்டு நாளு?" என்றாள் சுவரைப் பார்த்தபடி.

"இன்னைக்கு ரெண்டு மணி நேரம். அப்புறம் மாசம் ஒருதரம்..."

"அதக் கேக்கல. அவருக்கு."

"அஞ்சு வருஷம்."

"அவருக்கு இப்பவே எழுபத்தாறு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ரத்தம் தடையில்லாமல் ஓட விரல்களை மூடித் திறக்கச் சொல்லியிருந்தேன். முகத்தைத் திருப்பாமலே மூடித் திறந்துகொண்டிருந்தாள்.